ஐடி வேலையை விட்டு ஊரிலிருந்தே ஃப்ரீலான்சிங்: தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

பெங்களூரில் வேலை பார்க்கும் நம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வசதி உண்டு. அதுவே சபலமும்கூட. ஊர் பக்கத்திலேயே இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எலக்ட்ரானிக் சிட்டியில் பஸ் ஏறினால் ராத்திரிச் சாப்பாடு வீட்டில். ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போகும்போதுதான் மனசு கணக்குப் போட ஆரம்பிக்கும். ரூம் வாடகை இவ்வளவு, ஹோட்டல் சாப்பாடு இவ்வளவு, டிராஃபிக்கில் போகிற நேரம் இவ்வளவு. இதே லேப்டாப்பை வீட்டு மாடியில் வைத்துக்கொண்டு தனியாக வேலை எடுத்துச் செய்தால் என்ன?

செய்யலாம். செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கணக்கில் மிச்சமாகும் செலவு மட்டும்தான் இருக்கும். சம்பளத்தோடு கண்ணில் படாமல் வந்துகொண்டிருந்த பிஎஃப், மருத்துவக் காப்பீடு, சம்பளத்தோடு லீவு, பேங்கில் கிடைக்கும் மரியாதை எல்லாம் கடைசி வேலைநாளோடு நின்றுபோகும். இனி அவை ஒவ்வொன்றையும் நீங்கள் கேட்டு வாங்கும் கட்டணத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். எதை எப்போது செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன். வரி விவரங்கள் 2025-26 நிதியாண்டின் விதிகள்படி.

1. ராஜினாமாவுக்கு முன்: தேதி

ஒரே கம்பெனியில் தொடர்ந்து 5 வருடம் முடித்தால் கிராஜுவிட்டி (பணிக்கொடை) உண்டு. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தை 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, வருடங்களால் பெருக்க வேண்டும். அடிப்படைச் சம்பளம் 30,000 என்றால் 5 வருடத்துக்கு 86,500 ரூபாய்க்குச் சற்று மேல் வரும். நாலரை வருடத்தில் மேனேஜரோடு சண்டை போட்டு வெளியே வந்தால் அந்தச் சண்டையின் விலை அது. நாலு வருடம் 240 நாள் போதும் என்று நண்பர்கள் சொல்வார்கள். அதற்குச் சாதகமான தீர்ப்புகளும் உண்டு. ஆனால் ஹெச்ஆரோடு வழக்காடுவதைவிட இன்னும் கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது லேசு.

பிஎஃப்பில் இரண்டு விஷயம். மொத்தம் 5 வருட சர்வீஸ் ஆகும் முன் பணத்தை எடுத்தால் வரி கட்ட வேண்டிவரும். ஓய்வூதியப் பகுதிக்கு 10 வருட சர்வீஸ் வேண்டும். கம்பெனி மாறியிருந்தாலும் சேர்த்துத்தான் கணக்கு. ஒன்பதைத் தாண்டியவர்கள் காலண்டரைப் பார்த்து முடிவெடுங்கள். பழைய கம்பெனிக் கணக்குகளை ஒரே யுஏஎன்னுக்கு (பிஎஃப்புக்கான உங்கள் நிரந்தர எண்) மாற்றுவது, ஆதாரில் உள்ளபடி பெயரைத் திருத்துவது எல்லாம் ஹெச்ஆர் உங்கள் போனை எடுக்கும் காலத்திலேயே முடித்துவிட வேண்டிய வேலைகள்.

அப்புறம் நோட்டீஸ் பீரியட். ஐடி கம்பெனிகளில் 60 நாள், 90 நாள் என்று இருக்கும். அதை ஒழுங்காக முடித்து ரிலீவிங் லெட்டரையும் அனுபவச் சான்றையும் கையில் வாங்குங்கள். இனி வேலைக்கே போகமாட்டேன் என்று இன்றைக்குத் தோன்றும். அந்த வீறாப்பை நம்பி காகிதத்தை விட்டுவிடாதீர்கள்.

2. சம்பள ஸ்லிப் இருக்கும்போதே

வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் இப்போதே வாங்குங்கள், அல்லது அந்த எண்ணத்தை மூன்று வருடம் தள்ளி வையுங்கள். சம்பளக்காரருக்கு மூன்று மாத ஸ்லிப்பைப் பார்த்துக் கடன் கொடுக்கும் பேங்க், சுயதொழில்காரரிடம் இரண்டு மூன்று வருட வருமானவரிக் கணக்கைக் கேட்கும். வருமானம் இரண்டு மடங்காகி இருந்தாலும் கேட்கும். கிரெடிட் கார்டும் அப்படித்தான். அதே நேரம், கையில் பெரிய இஎம்ஐ இருக்கும்போது வேலையை விடுவதும் சரியில்லை. இரண்டையும் ஒன்றாகச் செய்யாதீர்கள், அவ்வளவுதான்.

மருத்துவக் காப்பீட்டைப் பலரும் கடைசியில்தான் நினைக்கிறார்கள். கம்பெனி கொடுத்த குரூப் பாலிசி பெரும்பாலும் கடைசி வேலைநாளோடு முடிந்துவிடும். அப்பா அம்மாவுக்குச் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால் புதுப் பாலிசியில் அதற்கான காத்திருப்புக் காலம் 36 மாதம் வரை போகலாம். குரூப் பாலிசியிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள வழி இருக்கிறது. குரூப்பில் இருந்த வருடங்கள் அப்போது கணக்கில் வரும். நோட்டீஸ் கொடுத்த வாரமே அந்த நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். வேலை முடிந்தபிறகு கேட்டால் கதவு சாத்தியிருக்கும். ஒரு சின்ன ஆறுதல்: 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவப் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி கிடையாது.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்று சொல்வார்கள். அதற்குக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். அந்த வரம்புக்குள் வருகிற வருமானம் என்றால் ஃப்ரீலான்சிங் சரியாகப் போகவில்லை என்று அர்த்தம்.

3. முதல் கிளையண்ட் வந்தபிறகே ராஜினாமா

வேலையை விட்டபிறகு வேலை தேடுகிறவர் அவசரத்தில் பேசுவார். அவசரம் குரலில் தெரியும், விலையிலும் தெரியும். குறைந்தது ஒரு கிளையண்டாவது, பணம் கொடுத்து, வேலையை வாங்கி, இரண்டாவது தடவையும் கூப்பிட்ட பிறகு ராஜினாமா செய்யுங்கள். முதல் தடவை தெரிந்தவர் என்று கொடுத்திருப்பார்கள். இரண்டாவது தடவை கொடுத்தால்தான் வேலை பிடித்திருக்கிறது.

ஆனால் உங்கள் வேலை ஒப்பந்தத்தில் வெளிவேலை பார்க்கக்கூடாது என்று இருக்கும். ஐடி கம்பெனிகள் இதைக் கண்டுபிடித்து வேலையை விட்டு அனுப்பிய செய்திகளை 2022இல் எல்லோரும் படித்தோம். எனவே கம்பெனி லேப்டாப்பில் ஒரு வரிகூடத் தட்டாதீர்கள், கம்பெனியின் கிளையண்டைத் தொடாதீர்கள், கம்பெனியின் மென்பொருள் கோடு (code) எதையும் எடுத்து வராதீர்கள். முடிந்தால் எழுத்தில் அனுமதி கேளுங்கள். கேட்க முடியாத இடம் என்றால் நோட்டீஸ் காலத்தில் ஆட்களைச் சந்திப்பது, மாதிரி வேலைகளைச் செய்து வைப்பது, விலை பேசுவது என்று நிறுத்திக்கொண்டு, கடைசி நாளுக்குப் பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

விலகிய பிறகு ஒரு வருடம் இதே துறையில் வேலை பார்க்கக்கூடாது என்று எழுதியிருந்தால் மிரள வேண்டாம். 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவு, ஒருவர் பிழைப்பைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. ரகசியம் காப்பது, கம்பெனியின் வாடிக்கையாளரை இழுக்காமல் இருப்பது போன்ற நிபந்தனைகள் வேறு. அவை உங்களைப் பிடிக்கும்.

4. கட்டணம்: இங்கேதான் பாதிப்பேர் சறுக்குவது

கையில் 60,000 வாங்கிக்கொண்டிருந்த ஒருவர் இப்படி யோசிப்பார்: மாதம் 30 நாள், ஒரு நாளைக்கு 2,000 ரூபாய். ஊரில் செலவும் குறைவு, 1,500 வாங்கினால்கூடப் போதும். இந்தக் கணக்கோடு வந்தவர்கள் ஒரு வருடத்துக்குள் திரும்பவும் நௌக்ரி தளத்தில் ரெஸ்யூமைப் புதுப்பித்துக்கொண்டிருப்பார்கள்.

சரியான கணக்கை ஒரு உதாரணமாகப் போட்டுப் பார்ப்போம்.

கையில் 60,000 என்றால் பிஎஃப்பில் இரண்டு பக்கமும் போடுவது, கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து கம்பெனி உங்களுக்காகச் செலவழித்தது சுமார் 75,000 என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 9,00,000. இனி உங்கள் கையிலிருந்து போகும் காப்பீட்டு பிரீமியம் ஒரு 30,000. லேப்டாப் தேய்மானம், மென்பொருள் சந்தா, இரண்டு இன்டர்நெட் இணைப்பு, இன்வெர்ட்டர் பேட்டரி, ஆடிட்டர் ஃபீஸ், பெங்களூர் போய்வரும் செலவு எல்லாம் சேர்த்து ஒரு 90,000. ஆக 10,20,000.

இப்போது நாட்கள். 365இல் சனி, ஞாயிறு 104 போனால் 261. பொங்கல், தீபாவளி மாதிரிப் பண்டிகைகள், அரசு விடுமுறை 12 போனால் 249. காய்ச்சல், கல்யாணம், காதுகுத்து, ஊர் மாரியம்மன் திருவிழா என்று 15 போனால் 234. இத்தனை நாளும் காசு வருகிற வேலை இருக்காது. புது ஆட்களிடம் பேசுவது, கொட்டேஷன் அனுப்புவது, பில் போடுவது, வராத பணத்துக்குப் போன் பண்ணுவது எல்லாம் வேலைதான், ஆனால் யாரும் அதற்குக் காசு தரமாட்டார்கள். தொடக்கத்தில் இது பத்துக்கு நாலு பங்கை விழுங்கும். மிச்சம் 140 நாள்.

10,20,000ஐ 140ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 7,285 ரூபாய். நாளுக்கு 6 மணி நேரம் உருப்படியாக வேலை நடக்கும் என்றால் மணிக்கு 1,200 ரூபாய்க்குச் சற்று மேல். பழைய வாழ்க்கையை அப்படியே வைத்திருக்க மட்டும் இது. வருமானம் கூடவில்லை, சேமிப்பு கூடவில்லை.

2,000 எங்கே, 7,285 எங்கே? முதல் தடவை இந்த எண்ணைப் பார்ப்பவர்களுக்கு வாயில் வராது. கண்ணாடி முன் நின்று சொல்லிப் பழகுங்கள், தப்பில்லை.

ஊரில் செலவு குறைவு என்பது உண்மைதான். ஆனால் அந்தக் குறைவு உங்களுக்கானது, கிளையண்டுக்கானது அல்ல. பெங்களூரில் உட்கார்ந்து அதே வேலையைச் செய்பவருக்கு அவர்கள் என்ன கொடுப்பார்களோ அதுதான் விலை. பென்னாகரத்தில் உட்கார்ந்து செய்தீர்கள் என்பதால் அந்தப் புரோகிராம் குறைவாக ஓடப்போவதில்லை. "நீங்க ஊர்லதானே இருக்கீங்க, வாடகைகூட இல்லையே" என்று சொல்கிற ஆளிடம் சிரித்துவிட்டு அதே விலையைத் திரும்பச் சொல்லுங்கள். முதல் வருடம் குறைத்துப் பேசினால் அந்த விலையிலிருந்து ஏறுவதற்கு அதே கிளையண்டிடம் படாதபாடு படுவீர்கள்; புது கிளையண்டைப் பிடிப்பதே சுலபமாகிவிடும்.

மணிக்கணக்கில் விலை சொல்வதைவிட முழு வேலைக்கு ஒரு தொகை சொல்வது நல்லது என்பது என் கட்சி. மணிக்கணக்கைக் கேட்டதும் நம் ஊர்க்காரர் மனசுக்குள் கொத்தனார் கூலியோடு ஒப்பிடத் தொடங்குவார். உள்ளே மணிக்கணக்கு, வெளியே ஒரே தொகை.

5. யாரிடம் விற்பது

மூன்று வகைக் கிளையண்டுகள் உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறார்கள். மூன்றிலும் பணம் வேறுவேறு விதமாக நடக்கும்.

உள்ளூர். ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள சிறு பட்டறைகள், கிருஷ்ணகிரியின் மாங்கூழ் ஆலைகள், கிரானைட் ஏற்றுமதியாளர்கள், ஓசூர், தளி பக்கத்து ரோஜாப் பண்ணைகள், தர்மபுரி பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள ஜவுளிக்கடைகள், தனியார் பள்ளிகள். இவர்களுக்கு வெப்சைட் வேண்டும் என்று நினைத்துப் போகாதீர்கள். அது அவர்கள் பட்டியலில் கடைசி. பெரிய வண்டிக் கம்பெனிக்குப் பாகம் செய்து கொடுக்கும் சின்னப் பட்டறைக்கு கேட் (CAD) என்னும் கணினி வரைபடம் வேண்டும், சிஎன்சி இயந்திரத்துக்குப் புரோகிராம் வேண்டும், பாகத்துக்கு ஒப்புதல் வாங்கும் பிபிஏபி ஆவணங்கள் வேண்டும், வாகனத் துறைத் தரச்சான்றான ஐஏடிஎஃப் 16949 தணிக்கைக்கு ஃபைல் தயாராக வேண்டும். இது தெரிந்த மெக்கானிக்கல் ஆட்கள் கோடிங் கற்றுக்கொண்டு அலைய வேண்டியதில்லை. ஏற்றுமதி செய்பவர்களுக்கு ஆங்கிலத்தில் ஒழுங்கான கடிதமும் லேபிளும் வேண்டும்.

உள்ளூர்ப் பணம் சீசனோடு வரும். கூழ் ஆலைகள் பெங்களூரா மாங்காய் வரும் மாதங்களில் இரவும் பகலும் ஓடும். அந்த நேரத்தில் உங்களோடு பேச ஆள் கிடைக்காது. காசெல்லாம் காய் வாங்குவதில் போயிருக்கும். "தம்பி, சீசன் முடியட்டும், மொத்தமா செட்டில் பண்ணிடறேன்" என்பார்கள். ஏமாற்ற வேண்டும் என்று சொல்வதில்லை. அவர்களுக்கும் சரக்கு வாங்கினவர் பணம் தரவில்லை. ஆனால் உங்கள் இஎம்ஐக்குச் சீசன் தெரியாது. தெரிந்தவர்கள், சொந்தக்காரர்கள் கதை இன்னும் சிக்கல். "நம்ம பையன்தானே, பார்த்துப் போட்டுக் கொடுப்பா" என்று மாமா சொன்னால் முழு விலைக்குப் பில் போட்டு, அதில் தள்ளுபடியைத் தனி வரியில் காட்டுங்கள். வேலையின் மதிப்பு என்ன, பாசத்தின் மதிப்பு என்ன என்று அவருக்கும் தெரியும். அடுத்தவரிடம் அவர் சொல்லும் விலையும் அதுவாக இருக்கும்.

பெங்களூர். தொடக்கக்காரருக்கு என் சிபாரிசு இதுதான். பழைய டீம்காரர்கள், வேறு கம்பெனிக்குப் போன மேனேஜர்கள், பத்துப் பதினைந்து பேர் இருக்கும் சின்ன நிறுவனங்கள். ஓசூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி சுமார் 20 கிலோமீட்டர். தர்மபுரி, பாலக்கோடு, ராயக்கோட்டை ஆட்களுக்கு ஓசூர் வழியாகப் போகும் ரயில் இருக்கிறது. கிருஷ்ணகிரி டவுனுக்கு இன்னும் ரயில் நிலையம் கிடையாது, பஸ்தான். மாதம் ஒரு தடவை நேரில் போய் முகம் காட்டிவிட்டு வாருங்கள். மதுரையிலோ நெல்லையிலோ இருந்து செய்பவருக்கு இல்லாத சலுகை இது. காலையில் போய் ராத்திரி திரும்பலாம். இன்னொன்று, ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் பலருக்கு வீட்டில் தெலுங்கோ கன்னடமோ, வெளியே தமிழ். மூன்று மொழியில் செயலிகளைச் சரிபார்ப்பது, சப்டைட்டில், வாடிக்கையாளர் உதவி எழுத்து என்று அதற்கே தனி வேலை இருக்கிறது. ரெஸ்யூமில் கடைசி வரியில் கிடக்கும் அந்தத் தகவலை மேலே கொண்டுவாருங்கள்.

வெளிநாடு. அப்வொர்க், ஃபைவர் மாதிரித் தளங்களில் கூட்டம் அதிகம். ஃபைவர் உங்கள் வருமானத்தில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும். பேபால் மூலம் வாங்கினால் டாலரை ரூபாயாக்கும் விகிதத்திலும் ஒரு பங்கு போகும். விலை சொல்லும்போதே அதை ஏற்றிச் சொல்லுங்கள். வரும் ஒவ்வொரு தொகைக்கும் வெளிநாட்டுப் பண வரவுச் சான்றை வாங்கி வையுங்கள். அந்த வேலை ஏற்றுமதி என்று வரித்துறைக்குக் காட்ட அதுதான் ஆதாரம். அமெரிக்கக் கிளையண்ட் என்றால் ராத்திரி மீட்டிங் உண்டு. வீட்டில் எல்லோரும் தூங்கும்போது நீங்கள் ஹாலில் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஒரே கிளையண்டிடமிருந்து பாதிக்கு மேல் வருமானம் வரத் தொடங்கினால் உஷாராகுங்கள். லீவும் பிஎஃப்பும் இல்லாமல் பழைய வேலையையே பார்க்கிறீர்கள்.

6. காகிதம்

உதயம் பதிவு. சிறுதொழில் அமைச்சகத்தின் இந்தப் பதிவு முழுக்க இலவசம், ஆதாரும் பேனும் இருந்தால் வீட்டிலிருந்தே முடியும். தேடினால் முதலில் வருவது காசு கேட்கும் தனியார் தளங்கள்தான். முகவரியின் கடைசியில் gov.in என்று இருக்கிறதா என்று பார்த்து உள்ளே போங்கள். சந்தேகம் இருந்தால் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம். தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் தனித்தனியாக இருக்கிறது.

இந்தப் பதிவு எதற்கு என்றால், குறு, சிறு தொழில் செய்பவரிடம் வேலை வாங்கியவர் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. அதற்கென்று இருக்கும் அரசுத் தளத்தில் புகார் தரலாம். இதைவிட வலுவான ஆயுதம் வருமானவரியில் இருக்கிறது. 2023-24 நிதியாண்டிலிருந்து, அந்தக் கெடுவுக்குள் உங்களுக்குப் பணம் தராத கம்பெனி, தரும் வருடம் வரை அதைத் தன் செலவாகக் காட்ட முடியாது. உங்கள் இன்வாய்ஸில் உதயம் எண்ணைப் போட்டாலே அந்தக் கம்பெனியின் ஆடிட்டர் மார்ச் மாதத்தில் உங்கள் பில்லைத் தேடி எடுப்பார். நீங்கள் சண்டை போட வேண்டியதில்லை. வேலை தொடங்கும் முன்பே பதிவை முடித்திருப்பது முக்கியம்.

ஒப்பந்தம் என்றால் முத்திரைத்தாள், வக்கீல் என்று பயப்பட வேண்டாம். என்ன வேலை, எத்தனை திருத்தம், எப்போது தருவது, எவ்வளவு பணம், எந்தெந்தத் தேதியில் என்று ஒரு மெயில். "சம்மதம்" என்று பதில் வந்தால் போதும். வாட்ஸ்அப் குரல் செய்தியில் பேசி முடித்ததையும் மெயிலில் எழுதி அனுப்புங்கள். 40 முதல் 50 சதவீதம் அட்வான்ஸ் வராமல் வேலையைத் தொடாதீர்கள். அட்வான்ஸ் தர யோசிப்பவர் மீதியைத் தரவும் யோசிப்பார். மூலக் கோப்புகள், கோடு, கடவுச்சொற்கள் கடைசித் தவணை வந்த பிறகு.

7. வரி

இது கேட்பதற்குத்தான் பயங்கரம். ஐடி, பொறியியல், கட்டட வடிவமைப்பு, கணக்கு, தொழில்நுட்ப ஆலோசனை, உள் அலங்காரம் போன்ற தொழில் செய்பவர்களுக்கு 44ஏடிஏ என்று ஒரு விதி. வருடம் 50 லட்சம் வரை வரவு இருந்தால், ரொக்கமாக வாங்கியது 5 சதவீதத்துக்குள் என்றால் 75 லட்சம் வரை, வரவில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும். செலவுக்கு ஒவ்வொரு ரசீதாகக் கணக்குப் புத்தகம் வைக்க வேண்டியதில்லை. புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரி இல்லை. ஆக, வருடம் 18 லட்சத்துக்கு பில் போட்டவரின் வருமானம் 9 லட்சமாகக் கணக்காகி வரி பூஜ்யம். வேலையை விட்ட வருடத்தில் மட்டும் அதற்கு முந்தைய மாதங்களின் சம்பளமும் இதோடு சேரும், மறக்காதீர்கள். எழுத்து, மொழிபெயர்ப்பு போன்ற வேலைகள் அந்தத் தொழில் பட்டியலில் நேரடியாக இல்லை. எந்தப் பிரிவில் காட்டுவது என்று ஆடிட்டரிடம் கேட்டு ஒரு வழியில் நில்லுங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் வருடச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் வருட வருமானவரிச் சட்டம் வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. ஆடிட்டர்கள் இன்னும் பல வருடம் பழைய எண்ணைத்தான் சொல்வார்கள்.

கம்பெனிகள் உங்களுக்குத் தரும் தொழில்முறைக் கட்டணம் வருடத்தில் 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதத்தை டிடிஎஸ் என்று வரிக்காக முன்பே பிடித்துக்கொள்வார்கள். அது காணாமல் போன பணம் அல்ல. கணக்குத் தாக்கல் செய்தால், கட்ட வேண்டிய வரி போக மீதி திரும்ப வரும். ஆனால் மாதாமாதம் கையில் வருவது 90 சதவீதம்தான் என்பதை வைத்து வீட்டுச் செலவைத் திட்டமிடுங்கள். வரி கட்ட வேண்டியிருந்தால், 44ஏடிஏவில் இருப்பவர்கள் முன்வரியை (அட்வான்ஸ் டாக்ஸ்) மார்ச் 15க்குள் ஒரே தவணையாகக் கட்டலாம்.

ஜிஎஸ்டி பதிவு, சேவைக்கு வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான். அது வரை பெங்களூர்க் கிளையண்டுக்கு, அதாவது வேறு மாநிலத்துக்கு, வேலை செய்தாலும் பதிவு கட்டாயமில்லை. இதைத் தெரியாமல் பதிவு செய்துவிட்டு, விற்பனையே இல்லாத காலத்திலும் ரிட்டர்ன் தாக்கல் செய்துகொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டு வரவும் அந்த 20 லட்சத்தில் சேரும். தாண்டினால் பதிவு செய்து, எல்யூடி என்ற உறுதிப் பத்திரத்தை வருடா வருடம் கொடுத்துவிட்டால் ஏற்றுமதி வேலைக்கு வரி போடாமல் பில் அனுப்பலாம். தொழில்வரி தனி, நகராட்சி, ஊராட்சி அலுவலகத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, சின்னத் தொகை.

8. மாடி அறையும் மற்ற சங்கதிகளும்

மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்தினால் மதியம் 2 மணி, சில நாள் சாயங்காலம். முந்தின நாள் பேப்பரில் எந்தெந்தப் பகுதி என்று வரும். அதைப் பார்த்து மீட்டிங் வையுங்கள். இன்வெர்ட்டரில் ரௌட்டரையும் இணையுங்கள். மேலும் இரண்டு இணைப்பு, இரண்டும் வேறு வேறு நிறுவனம்: ஒன்று ஃபைபர், இன்னொன்று மொபைல். ரோடு வேலைக்குப் பள்ளம் தோண்டும் ஜேசிபிக்கு ஃபைபர் என்றால் தனிப் பிரியம். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைப்பக்கத்தில் வீடு என்றால் வேலையை விடும் முன்பே ஒரு வாரம் லீவு போட்டு வந்து, அங்கிருந்தே ஆபீஸ் வேலையைச் செய்து பாருங்கள். சிக்னல் நிற்கவில்லை என்றால் டவுனில் ஒரு மாடி அறை வாடகைக்குப் பாருங்கள்.

அறை வாடகைக்கு எடுப்பதில் இன்னொரு லாபம். வீட்டில் இருந்தால் நீங்கள் சும்மா இருக்கிறீர்கள் என்று ஊரே முடிவு செய்துவிடும். ரேஷன் கடை, கேஸ் சிலிண்டர், தாத்தாவை தர்மபுரி ஜிஹெச்சுக்குக் கூட்டிப்போவது, சித்தப்பா வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வைப்பது எல்லாம் உங்கள் தலையில். பெண்களுக்கு இது இரண்டு மடங்கு. குழந்தை, அடுப்பு, வந்தவர்களுக்குக் காப்பி என்று லேப்டாப் மூடியே கிடக்கும். வீட்டாரோடு முதல் வாரமே பேசி, காலை இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை நான் ஆபீஸில் இருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பேமென்ட் வந்த அன்று அம்மாவிடமோ மாமியாரிடமோ பேங்க் மெசேஜைக் காட்டுங்கள். விளக்கம் சொல்வதைவிட அது வேலை செய்யும்.

"வேலை போயிடுச்சாப்பா?" என்று கேட்பார்கள். கல்யாணம் ஆகாதவர் என்றால் பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் எந்தக் கம்பெனி என்று கேட்பார்கள். ஃப்ரீலான்சிங் என்று பாடம் நடத்தாதீர்கள். "சொந்தமா சாஃப்ட்வேர் பிசினஸ், பெங்களூர் கம்பெனிகளுக்குப் பண்றேன்" என்றால் முடிந்தது. பொய்யும் இல்லை. உதயம் சான்றிதழ் அச்சடித்துச் சுவரில் மாட்டுவதற்கும் நன்றாகத்தான் இருக்கும். வரன் பார்ப்பது நடந்துகொண்டிருக்கும்போது வேலையை விடுவதா என்பது குடும்ப விஷயம். விட்டுவிட்டுச் சொல்வதைவிட சொல்லிவிட்டு விடுவது நல்லது.

9. முதல் வருடத்துக் காசு

வீட்டுச் செலவு, இஎம்ஐ, பிரீமியம் எல்லாம் சேர்த்து ஆறு மாதத் தொகை தனிக் கணக்கில் இருந்தால் கிளம்பலாம். குழந்தைகள் படிக்கிறார்கள் என்றால் ஒன்பது மாதம். கிராஜுவிட்டியை அதில் சேர்த்துக்கொள்ளலாம், பிஎஃப்பைச் சேர்க்காதீர்கள். கடன் வாங்கித் தொடங்க வேண்டாம். பட்டறை போடுபவருக்கு அரசு மானியக் கடன்கள் உதவும். லேப்டாப்பும் நாற்காலியும் மட்டும் தேவைப்படும் தொழிலுக்கு வட்டி கட்டுவது அகலக்கால்.

வரும் பணத்தையெல்லாம் ஒரு தொழில் கணக்கில் வாங்கி, மாதம் ஒரே தேதியில் ஒரே தொகையை வீட்டுக் கணக்குக்கு அனுப்புங்கள். பெரிய பில் வந்த மாதத்தில் அந்தத் தொகையை உயர்த்தக்கூடாது. பிஎஃப்புக்குப் பதிலாக ஒரு பகுதியை பிபிஎஃப் (பொது சேமநல நிதி) கணக்கிலோ என்பிஎஸ் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) கணக்கிலோ போட்டு வையுங்கள். தபால் நிலையத்திலேயே பிபிஎஃப் கணக்குத் தொடங்கலாம், வருட உச்சவரம்பு 1,50,000.

ஆறாவது மாதம் உட்கார்ந்து இரண்டு எண்களைப் பாருங்கள். காசு வந்த நாட்கள் எத்தனை, வர வேண்டிய பாக்கி எவ்வளவு. நாட்கள் கூடிக்கொண்டு வருகின்றன என்றால் வருமானம் குறைவாக இருந்தாலும் தொடருங்கள். நாட்கள் இருக்கின்றன, பாக்கி மலைபோல் நிற்கிறது என்றால் கிளையண்டை மாற்ற வேண்டும். இரண்டும் சரியில்லை, சேமிப்பில் மூன்று மாதச் செலவுதான் மிச்சம் என்றால் அப்போதே வேலைக்கு விண்ணப்பம் போடுங்கள், காசு முழுக்கத் தீர்ந்த பிறகு அல்ல. இன்டர்வியூ சுற்றுகளே இரண்டு மாதம் இழுக்கும்.

அப்படித் திரும்பினால் ரெஸ்யூமில் அந்த மாதங்களை இடைவெளி என்று விடாதீர்கள். என்ன வேலை, யாருக்கு, என்ன பயன் என்று மற்ற வேலைகளைப் போலவே எழுதுங்கள். ஆதாரம் கேட்டால் இன்வாய்ஸும், டிடிஎஸ் பதிவான 26ஏஎஸ் என்ற வருமானவரிப் படிவமும், வருமானவரித் தாக்கலும் இருக்கின்றன. புதுக் கம்பெனியில் சேரும்போது பழைய யுஏஎன் எண்ணையே கொடுங்கள். ஹெச்ஆர் புதிதாக ஒன்று போட்டுவிட்டால் அதைச் சேர்ப்பதற்கு இன்னொரு அலைச்சல்.